வியன்னாவுக்கு மூன்று வழி

தம்பி,

நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நீயும் நித்யாவும் பிரிந்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். அதை முதலில் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும். போனிலேயே பேசலாமே என்றார் உன் அப்பா. போனில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் விஷயத்துக்கு வருவதற்குள், "மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்புடுறேன்லா" என்பாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. மூடி வைத்தாலும் மறுபடி திறக்கும்போது விட்ட இடத்திலேயே நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து தட்டுகிறேன், இரண்டு விரலால்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புக்கிட் மெர்தாஜாமில் உன் மாமா வீட்டில் இருந்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஐரோப்பா பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டது. மியூனிக்கில் உன்னைப் பார்ப்பது, அங்கிருந்து வியன்னாவுக்குப் போய் நித்யாவைப் பார்ப்பது என்று திட்டம். நீ ஓர் ஊரிலும் அவள் ஓர் ஊரிலும் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சனி ஞாயிறுகளில் மட்டும் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்பது நம் சொந்தக்காரர்களுக்கு இப்போது பழகிப்போன செய்தி. அதனால் அந்த வழியைப் பற்றிக் கேட்க உன்னைவிட்டால் வேறு ஆள் ஏது? சோறு போட்டுக்கொண்டிருந்தபோதே மாமா உன்னை வீடியோவில் கூப்பிட்டுவிட்டான். "தம்பி, மியூனிக்ல இருந்து வியன்னா போறதுக்கு எது நல்லது? ட்ரெயினா, பிளைட்டா, இல்ல காடியா?"

நீ விளக்கிய விதத்தை மறக்க முடியாது. உன் அப்பா கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பிளைட்டு ஒரு மணி நேரந்தான் மாமா. ஆனா ஏர்போர்ட் டவுன்ல இருந்து தூரம். முன்கூட்டியே போகணும், செக்கிங், கியூ. எறங்கினப்புறம் மறுபடி ட்ரெயின் புடிச்சு ஊருக்குள்ள வரணும். எல்லாத்தையும் சேத்தா ட்ரெயின்ல போற நேரமே ஆயிடும்" என்றாய். "ட்ரெயினு நாலு மணி நேரம். ஊர் நடுவுல ஏறி ஊர் நடுவுல எறங்கிடலாம். உள்ளயே சாப்பாடு கெடைக்கும், வழியில மலை தெரியும். அத்தைக்கு முட்டி வலின்னா ட்ரெயின்தான் நல்லது, எழுந்து நடந்துக்கலாம்" என்றாய். கார் என்றால் ஆஸ்திரியாவில் டோலுக்காகக் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்க வேண்டும், திரும்பி ஜெர்மனிக்குள் வரும்போது எல்லையில் சோதனை இருந்தால் வரிசையில் நிற்க வேண்டும், வியன்னாவில் பார்க்கிங் பெரிய தலைவலி என்றாய். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா நான் காடிதான் எடுப்பேன் மாமா. நெனச்ச நேரத்துக்குக் கெளம்பிடலாம்லா" என்றாய்.

"போறதுக்கா, திரும்பி வர்றதுக்கா?" என்று கேட்டான் உன் மாமா. அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நீயும் சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிளேனைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசும்போது போய்ச் சேருவதைப் பற்றிப் பேசினாய். காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கிளம்பி வருவதைப் பற்றிப் பேசினாய். அப்போதுதான் உனக்குப் பின்னால் பார்த்தேன். நான் வாங்கிக்கொடுத்த அரிசிக் குக்கர் தெரிந்தது. அது உன் மியூனிக் வீட்டு அடுப்படி. நமக்கு ஞாயிறு இரவுச் சாப்பாடு என்றால் உனக்கு ஞாயிறு மத்தியானம். சனிக்கிழமை காலையில் பெண்டாட்டியைப் பார்க்கக் கிளம்பிப் போனவன், மறுநாள் மத்தியானம் தன் வீட்டு அடுப்படியில் தனியாக நிற்கிறான். நித்யா எங்கே என்று கேட்டேன். "அவளுக்கு வேலை இருக்கு மா. ஜாம் ஆவறதுக்கு முன்னாடி வந்துட்டேன்" என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய். மற்றவர்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பும்போது பினாங்குப் பாலத்தில் உன் அப்பாதான் கார் ஓட்டினார். "பையன் நல்லா வெளக்குறான்ல, லெக்சரர் மாதிரி" என்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். "ஏன் உம்முனு வர்ற?" என்றார். "உங்க மகன் அப்படியே உங்கள மாதிரி" என்றேன். பாராட்டு என்று நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்தார். கெலுகோர் வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது. இனி நான் சொல்லப்போவதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. அவனுக்கு இப்பத் தெரியலன்னா எப்பத் தெரியறது" என்றார்.

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையைக் கட்டிக்கொண்டவர்களுக்கு உங்கள் கதை புதிதே இல்லை. தாலியின் மஞ்சள் காய்வதற்குள் போஸ்டிங் கடிதம் வந்துவிடும். ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. எனக்கு நீ பிறந்த கையோடு, தெற்கே ஜொகூரில் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தது. உன் அப்பாவுக்கு இங்கே வடக்கே புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை, விட்டுவிட்டு வர முடியாது. உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வருஷா வருஷம் மாற்றலுக்கு மனுப் போடுவேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வரும். அப்படியே உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதே வந்துவிட்டது. நீ அதில் பாதியை மறந்திருப்பாய். மறக்காத பாதியைத்தான் இப்போது நீ வியன்னாவில் செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உன் அப்பா ரயிலில்தான் வந்தார். பட்டர்வொர்த்தில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, தூங்கி வழிந்துகொண்டு சிகாமட்டில் இறங்குவார். லீவில் பாதி தண்டவாளத்திலேயே போய்விடும். ஆனால் வந்துவிட்டால் வந்ததுதான். திரும்பிப் போகிற ரயில் வரும்வரை அவரால் எங்கேயும் போக முடியாது. ஒரு தடவை எங்களுக்குள் பெரிய சண்டை. எதற்கு என்று இரண்டு பேருக்குமே இப்போது ஞாபகம் இல்லை. சட்டையை மாட்டினார், பையைத் தூக்கினார், "இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் விறுவிறுவென்று நடந்தார். நானும் தடுக்கவில்லை, எனக்கென்ன ரோஷம் இல்லையா? நல்ல வெயில். ரயிலோ இரவில்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கையில் ஒரு பொட்டலம் பீசாங் கோரேங்கோடு திரும்பி வந்தார். ரயில் இல்லாததால் வந்தவர், எனக்காக வந்த மாதிரி நடித்தார். நானும் நம்பிய மாதிரி நடித்தேன். மூன்று பேருமாக அந்த வாழைப்பழப் பொரியலைத் தின்றோம். சண்டை அன்றைக்கே தீர்ந்தது.

பிளேனில் வந்த கதையும் உண்டு. உனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மனுஷன் பதறிப்போய் முதல் தடவையாக விமானம் ஏறி, ஜொகூர் பாருவில் இறங்கி, அங்கிருந்து சிகாமட்டுக்கு பஸ் தேடி அலைந்து, பறந்த நேரத்தையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் தொலைத்துவிட்டு வந்து சேர்ந்தார். அதற்குள் நீ காய்ச்சல் விட்டு எழுந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்ததும் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். நீ மாமாவுக்குப் பிளேனைப் பற்றிச் சொன்ன கணக்கை உன் அப்பா அன்றைக்கே அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

பிறகு நெடுஞ்சாலை திறந்தது. அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். புக்கிட் மெர்தாஜாம் மாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு நேராகத் தெற்கே ஓட்டி வந்தார். இனி அடிக்கடி வருவார் என்று தோட்டமே எனக்காகச் சந்தோஷப்பட்டது. அடிக்கடி வரத்தான் செய்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்து இருந்த நேரம் தேய்ந்துகொண்டே போனது. "மழ வர்ற மாதிரி இருக்கு" என்பார். "கோலாலம்பூர் தாண்டறதுக்குள்ள ஜாம் ஆயிடும்" என்பார். சாப்பிடும்போது கண் ஜன்னல் வழியாகக் காரிலேயே இருக்கும். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற மனுஷனோடு என்ன பேசுவது? நான் ஏதாவது மனதில் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும். அவர் போய்விடுவார், சண்டை என்னோடு அந்த வீட்டில் தங்கிவிடும். அடுத்த தடவை வரும்போது பழைய சண்டையின் மேல் புதிது. ரயில் இருந்த காலத்தில் எங்களுக்குச் சண்டைகள் முடிந்தன. கார் வந்த பிறகு ஒன்றுகூட முடியவில்லை.

அதை அவருக்குச் சொன்னது நான் இல்லை, நீ. ஒரு நாள் அவர் வாசலில் குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ அடுப்படிக்கு ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா இன்னிக்கி எப்பப் போவாரு?" என்று கேட்டாய். ஆசையாகவோ வெறுப்பாகவோ கேட்கவில்லை. மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாய். வாசலில் இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. காலணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு உள்ளே வந்து கார் சாவியை என் கையில் வைத்தார். "இத நீயே வச்சுக்க. வேலைக்குப் போற நேரம் வந்தா நான் கேக்குறேன்" என்றார்.

அன்று முதல் மாற்றல் கிடைத்து நாம் பினாங்குக்கு வந்து சேரும்வரை, வாசல்படி ஏறியதும் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் அதை அரிசி வாளிக்குள் போட்டு வைப்பேன். அவர் கேட்டால் கொடுக்காமல் இருந்துவிடுவேனா? உடனே கொடுத்திருப்பேன். ஆனால் கேட்க வேண்டும். போக வேண்டும் என்றால் என் முகத்தைப் பார்த்து, "நான் போறேன், சாவி குடு" என்று சொல்ல வேண்டும். கோபத்தில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அந்தக் கஷ்டத்தில்தான் எங்கள் கல்யாணம் தப்பித்தது. இதனால் நாங்கள் தெய்வீகத் தம்பதி ஆகிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. இன்று காலையில்கூட மீன் வாங்கியதில் சண்டை.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், தம்பி. போன தீபாவளிக்கு நீ தனியாக வந்தபோது, பசாரில் காய் வாங்கிக்கொண்டே சொன்னாய். "அங்க எனக்குத் துணி வைக்க ஒரு அலமாரிகூட இல்ல மா. அவ லேப்டாப்பப் பாத்துக்கிட்டு இருப்பா, நான் செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். கெஸ்ட் மாதிரி இருக்கு." எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது, ஓர் அலமாரி வேண்டும் என்று நீ அவளிடம் கேட்டாயா என்று. சிகாமட் வீட்டில் உன் அப்பாவுக்கும் இடம் இருக்கவில்லை. முதல் தடவை வந்தபோதே பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்து, கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்துச் சட்டையை மாட்டினார். என்னைக் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நீ வியன்னாவுக்குப் போய் வருகிறாய், ஆணி அடிக்கவில்லை. விருந்தாளியாக நடத்துகிறாள் என்று குறை சொல்கிறாய், விருந்தாளி மாதிரியே பையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாய்.

அவள் வியன்னா வேலையை எடுத்தபோது, "புருஷன் ஒரு நாட்டுல, பொண்டாட்டி ஒரு நாட்டுலயா" என்று சொந்தத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நீதான் அவளுக்காக நின்றாய். "அம்மா ஜொகூருக்குப் போகலயா?" என்று எல்லோர் வாயையும் அடைத்தாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அப்படிப் பேசிய பிள்ளை எங்கே போனான் என்றுதான் இப்போது தேடுகிறேன்.

புதன்கிழமை நித்யா கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம் இல்லையா, இத்தனை நாளாகியும் என்னை அத்தை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை, மாமிதான். வழக்கமாக ஏதாவது சமையலைப் பற்றிக் கேட்பாள். இந்தத் தடவை, "மாமி, நான் வந்து கொஞ்ச நாள் உங்களோட நிக்கலாமா?" என்றாள். "ரெண்டு பேருமா வர்றீங்க?" என்றேன். "இல்ல மாமி, நான் மட்டும்" என்றாள். "உன் அம்மா அப்பாகிட்ட சொன்னியா?" என்று அவளைக் கேட்டேன். "இன்னும் சொல்லேல்ல. கோலாலம்பூர்ல அம்மா வீட்டில போய் நிண்டா கேள்வி கேப்பினம். நீங்க கேக்க மாட்டீங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "அவர் வந்தா காடிச் சாவிய மேசையில வைக்க மாட்டார் மாமி. பொக்கெட்டுக்குள்ளயே கிடக்கும். நான் சமைச்சுக்கொண்டிருக்கேக்க அவர் எழும்பினா அது சத்தம் போடும். தண்ணி குடிக்கத்தான் எழும்புறார் எண்டு தெரியும், ஆனாலும் போகப்போறார் எண்டு நெஞ்சு அடிக்கும். அதுக்குத்தான் நான் லேப்டாப்ப எடுத்து வச்சுக்கொள்றது. வேலையில இருக்கிற மாதிரி இருந்தா, அவர் போறத நான் பாக்கத் தேவையில்ல."

தம்பி, சிகாமட் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் பேசப் பேச என் பழைய அடுப்படியில் நானே நின்று பேசுகிற மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன். உன் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, நீ அவளைப் புரிந்துகொள்ளாமலே இழந்துவிடுவாயோ என்ற பயம் பெரிதாக இருந்தது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய், அவள் உன் பாக்கெட்டில் சாவிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு இருந்தாள். ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். நினைத்த நேரத்தில் கிளம்பலாம் என்பது மாமா மாதிரி ஊர் சுற்ற வருகிறவனுக்கு வசதி. கல்யாணம் ஆனவனுக்கு அது நல்லதில்லை. அவள் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாய் திறந்து உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொல்கிறாளே, அது தவறுதான். வந்ததும் அதைக் கேட்பேன், விடமாட்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அவள் வந்து இறங்குகிறாள். அப்பா ஏர்போர்ட்டுக்குப் போகிறார். உன் அறையைக் கூட்டித் துடைத்து, அலமாரியில் உன் சாமான்களை ஒதுக்கிப் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறோம். முழுவதையும் காலி செய்ய அப்பாவுக்கு மனம் வரவில்லை.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றித் தெரியவில்லை என்று எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து இங்கே வருவதற்கு ரயிலும் இல்லை, ரோடும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, பிளேன்தான். ஏறி உட்கார்ந்துவிட்டால் நடுவழியில் மனம் மாறினாலும் இறங்க விடமாட்டார்கள். வருவதாக இருந்தால் முதலில் நித்யாவைக் கூப்பிடு. எப்போது திரும்பலாம் என்று அவளைக் கேள், அவள் சொல்கிற தேதிக்குத் திரும்புகிற டிக்கெட்டை எடு. அதை அவளிடம் கேட்க உனக்கு மனம் இல்லையென்றால் நீ வர வேண்டாம், தம்பி. அவளை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அம்மா